சாவி வீட்டார் கையில்: மனிதக் கடத்தல் தடுப்புச் சட்டங்கள் சொல்வது என்ன?



நம் அறக்கட்டளை அலுவலகத்துக்குக் கடனுதவி கேட்டு வருபவர்களில் ஒரு பகுதியினர் வெளிநாட்டுப் பயணத்துக்காகக் கேட்பவர்கள். "விசா வந்துவிட்டது, டிக்கெட்டுக்கு மட்டும் பணம் வேண்டும்" என்பார்கள். அவர்களிடம் நாங்கள் மூன்று கேள்விகள் கேட்பது வழக்கம். என்ன வேலை? எந்தக் கம்பெனி? ஏஜெண்டின் பதிவு எண் என்ன? முதல் இரண்டு கேள்விகளுக்கும் ஏதோ ஒரு பதில் வந்துவிடும். மூன்றாவதற்கு மட்டும், "அவர் நமக்குத் தெரிஞ்சவர்தான் பாய், நம்ம ஆளுதான்" என்ற பதிலே பெரும்பாலும் வருகிறது.

சபுருக்குப் போவது நமக்குப் புதிதல்ல. பர்மா, மலாயா, சிங்கப்பூர் என்று போனவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் இன்று துபாய்க்கும் ரியாத்துக்கும் போகிறார்கள். சபுராளி இல்லாத வீடு நம் ஊர்களில் குறைவு. ஹலாலான சம்பாத்தியத்துக்காக ஊர்விட்டு ஊர் போவதில் குற்றம் எதுவும் இல்லை. ஆனால் அதே பாதையில் மனிதர்களை விற்பவர்களும் நடமாடுகிறார்கள். அவர்களைத் தடுக்கச் சட்டங்கள் இருக்கின்றன. அந்தச் சட்டங்கள் என்ன, அவற்றில் குடும்பத்தாருக்கு உள்ள உரிமை என்ன என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே இந்தக் கட்டுரை.

கடத்தல் என்றால் என்ன?

"ஆள் கடத்தல்" என்றதும் குழந்தையைக் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போவதுதான் நினைவுக்கு வருகிறது. சட்டம் சொல்லும் மனிதக் கடத்தல் அதைவிட விரிவானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 143வது பிரிவு இதை விளக்குகிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 370வது பிரிவு இருந்த இடத்தில் இப்போது இது இருக்கிறது.

இந்தப் பிரிவைப் புரிந்துகொள்ள மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, செயல். ஒருவரை வேலைக்கு ஆள் சேர்ப்பது, ஏற்றிச் செல்வது, தங்க வைப்பது, மற்றொருவரிடம் ஒப்படைப்பது, பெற்றுக்கொள்வது. இவற்றில் எதைச் செய்தாலும் போதும். ஊரில் ஆள் பிடித்துக் கொடுத்தவர், பஸ் ஏற்றிவிட்டவர், அங்கே அறையில் அடைத்து வைத்தவர் என்று எல்லோரும் இதில் வருகிறார்கள்.

இரண்டாவது, வழி. மிரட்டல், பலவந்தம், தூக்கிச் செல்லுதல், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துதல், ஆசை காட்டுதல்.

மூன்றாவது, நோக்கம். அந்த மனிதரைச் சுரண்டுவது. உடல்ரீதியான சுரண்டல், பாலியல் சுரண்டல், அடிமை வேலை, உறுப்புகளை எடுத்தல் ஆகியவற்றோடு பிச்சை எடுக்க வைப்பதையும் புதிய சட்டம் வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது.

இம்மூன்றும் சேர்ந்தால் மனிதக் கடத்தல். தண்டனை குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு கடுங்காவல். ஒருவருக்கு மேற்பட்டோரைக் கடத்தினாலோ, 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைக் கடத்தினாலோ குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் தண்டனை வரை போகலாம். ஒன்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் என்றால் குறைந்தது 14 ஆண்டு. கடத்தப்பட்டவர் என்று தெரிந்தே ஒருவரைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துபவருக்கு 144வது பிரிவில் தனித் தண்டனை உண்டு.

"அவனாகத்தானே போனான்?"

பாதிக்கப்பட்டவரைப் பார்த்து ஊரும் உறவும் சொல்லும் முதல் வார்த்தை இது. போலீஸ் நிலையத்திலும் இந்தக் கேள்வி வருவதுண்டு. கேட்டதும் வீட்டார் தலை குனிந்து திரும்பிவிடுகிறார்கள்.

அந்தத் தலைகுனிவுக்குச் சட்டத்தில் இடமில்லை. கடத்தல் நடந்ததா என்று முடிவு செய்வதில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டே அல்ல என்று 143வது பிரிவின் விளக்கவுரை தெளிவாகச் சொல்கிறது. பொய் சொல்லி வாங்கிய சம்மதம் சம்மதமாகாது. நம் பையன் பாஸ்போர்ட்டைத் தானே எடுத்துக் கொடுத்திருக்கலாம், தானே விமானம் ஏறியிருக்கலாம், காகிதத்தில் கையெழுத்தும் போட்டிருக்கலாம். அவனை ஏமாற்றி அழைத்துப்போய் அடைத்து வைத்து வேலை வாங்கியவனுக்கு அவையெல்லாம் கேடயமாகாது.

இன்னொரு நுட்பமும் இருக்கிறது. ஒருவரைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவரின் சம்மதத்தைப் பெறுவதற்காகப் பணமோ வேறு ஆதாயமோ கொடுப்பதும், வாங்குவதும் கடத்தலின் வழிகளில் ஒன்றாகவே எண்ணப்படுகிறது. பெண்பிள்ளையை மில் வேலைக்கு அனுப்ப அத்தாவிடம் முன்பணம் கொடுப்பதும், சிறுவனைக் கடை வேலைக்கு அனுப்ப அம்மாவிடம் ஐயாயிரம் கொடுப்பதும், நோக்கம் சுரண்டலாக இருந்தால், இதற்குள் வரும். "பெற்றவர்கள் சம்மதித்தார்கள்" என்ற பேச்சு தரகரைக் காப்பாற்றாது.

நிகாஹ் என்ற பெயரிலும் இது நடந்திருக்கிறது. ஹைதராபாத்தில் ஏழைக் குடும்பத்துச் சிறுமிகளை வளைகுடாவிலிருந்து வந்த முதியவர்களுக்குப் பணத்துக்காக மணமுடித்து வைத்த கும்பலை 2017 செப்டம்பரில் அந்நகரக் காவல்துறை பிடித்தது. கைதானவர்களில் வெளிநாட்டவரும் இருந்தனர், திருமணத்தை நடத்திவைத்த காஜிகளும் இருந்தனர். மஹரும் இரண்டு சாட்சிகளும் இருந்துவிட்டதாலேயே ஒரு விற்பனை திருமணமாகிவிடாது. திருமணத்துக்காக விற்கப்பட்ட சிறுமியின் குழந்தைத் திருமணம் செல்லாது என்று 2006ஆம் ஆண்டின் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 12வது பிரிவும் சொல்கிறது.

மத்திய அரசின் பங்கும் மாநிலத்தின் பங்கும்

அரசியல் சாசனத்தின் 23வது கூறு மனித வணிகத்தையும் கட்டாய உழைப்பையும் தடை செய்கிறது. இதற்கான தண்டனையை வகுக்கும் அதிகாரத்தை 35வது கூறு நாடாளுமன்றத்திடம் கொடுத்திருக்கிறது. குடிபெயர்வும் பாஸ்போர்ட்டும் விசாவும் மத்திய அரசின் பட்டியலில் உள்ளவை. காவல்துறையும் பொது ஒழுங்கும் மாநிலப் பட்டியலில் உள்ளவை. ஆகவே பெரிய தண்டனைச் சட்டம் டெல்லியில் எழுதப்படுகிறது. வழக்குப் பதிவது, தேடிப் பிடிப்பது, மீட்பது, வருமுன் தடுப்பது ஆகியவை மாநிலத்தின் கையில் இருக்கின்றன.

இந்த விஷயத்தில் நம் பகுதிக்கு ஒரு பழைய பெருமை உண்டு. சென்னை மாகாணம் 1930இலேயே பெண்களை விபசாரத்தில் தள்ளும் வணிகத்தை ஒடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்களின் நீண்ட போராட்டத்தின் பலனாக 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. நாடு முழுமைக்குமான சட்டம் 1956இல்தான் வந்தது. அது 1986இல் திருத்தப்பட்டு விபசாரத் தடுப்புச் சட்டம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறது.

இன்றைய தமிழ்நாட்டில் இதனோடு தொடர்புடைய மாநிலச் சட்டங்கள் மூன்றைக் குறிப்பிடலாம்.

ஒன்று, நாம் "குண்டர் சட்டம்" என்று சுருக்கமாகச் சொல்லும் 1982ஆம் ஆண்டின் 14வது சட்டம். அதன் முழுப் பெயரில் விபசார வணிகக் குற்றவாளிகளும் இருக்கிறார்கள். இத்தொழிலை வழக்கமாகச் செய்பவரை மாவட்ட ஆட்சியரோ மாநகரக் காவல் ஆணையரோ உத்தரவிட்டு 12 மாதம் வரை தடுப்புக் காவலில் வைக்க முடியும்.

இரண்டு, 2014ஆம் ஆண்டின் பெண்கள், குழந்தைகள் விடுதிகள் முறைப்படுத்தும் சட்டம். பெண்களையும் பிள்ளைகளையும் தங்கவைக்கும் தனியார் விடுதிகள் உரிமம் பெற வேண்டும், பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்ய வேண்டும் என்கிறது. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகளில் மூன்றாண்டு வேலை முடிந்ததும் மொத்தமாகப் பணம் தருவதாகச் சொல்லி, வளாகத்தை விட்டு வெளியே விடாமல் பெண்களை வேலை வாங்கிய "சுமங்கலித் திட்டம்" பற்றி எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். பெண்பிள்ளையை விடுதியில் சேர்க்கும் முன் உரிமத்தைக் கேட்டுப் பார்ப்பது பெற்றோரின் உரிமை. நம் யத்தீம்கானாக்களை நடத்துவோரும் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பிள்ளைகளைத் தங்கவைத்துப் பராமரிக்கும் இல்லங்கள் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும்.

மூன்று, 2011ஆம் ஆண்டின் வெளிநாடு வாழ் தமிழர் நலச் சட்டம். இது தண்டனைச் சட்டம் அல்ல, நலச் சட்டம். ஆனால் வெளிநாட்டில் சிக்கிக்கொண்டவரின் குடும்பம் தட்ட வேண்டிய அரசுக் கதவு எது என்ற கேள்விக்கு விடை தருவது இதுதான்.

பஞ்சாப் வேறொரு வழியில் போனது. 1996 டிசம்பர் 25 அன்று மால்டாவுக்கும் சிசிலிக்கும் இடையில் நடுக்கடலில் படகு மூழ்கி சுமார் 280 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவுக்குக் கள்ளத்தனமாக ஏற்றிச் செல்லப்பட்ட அவர்களில் பஞ்சாப் இளைஞர்களும் இருந்தார்கள், இலங்கைத் தமிழர்களும் இருந்தார்கள். ஆள் அனுப்பும் ஏஜெண்டுகளை ஒழுங்குபடுத்தும் தனிச் சட்டத்தை பஞ்சாப் 2012இல் இயற்றியது. டிராவல் ஏஜெண்ட் தொழில் செய்ய உரிமம் வேண்டும், உரிமம் இல்லாமல் செய்தால் சிறை என்பது அதன் சாரம். ஹரியானாவும் 2025இல் இதுபோன்ற சட்டத்தை நிறைவேற்றியது. நம்மைப் பொறுத்தவரை, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவரைக் கட்டுப்படுத்துவது 1983ஆம் ஆண்டின் மத்தியக் குடிபெயர்வுச் சட்டமே. எனவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

1983ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தச் சட்டத்தின்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கும் எவரும் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் பெயர்ப் பட்டியல் "இ-மைக்ரேட்" அரசு இணையதளத்தில் இருக்கிறது. பதிவில்லாத ஆள் என்று கண்டறியப்பட்டவர்களின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது. "சப்-ஏஜெண்ட்" என்ற ஒரு வகையைச் சட்டம் ஏற்கவில்லை. பம்பாய் கம்பெனிக்கு ஊரில் ஆள் பிடித்துத் தருகிறேன் என்று சொல்பவர், எவ்வளவு தொழுகையாளியாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அனுமதியற்றவரே.

பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. 30,000 ரூபாய், அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக மொத்தம் 35,400 ரூபாய். இதற்கு ரசீது தர வேண்டும். நம் ஊர்களில் விசாவுக்கு ஒரு லட்சம், ஒன்றரை லட்சம் என்று கொடுப்பது எவ்வளவு சாதாரணமாகிவிட்டது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் பொதுவாக இசிஆர் என்ற குறிப்பு இருக்கும். அவர்கள் சவூதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும். அந்த அனுமதியின்போது வேலை ஒப்பந்தம் சரிபார்க்கப்படுகிறது. 10 லட்சம் ரூபாய்க்கான பிரவாசி பாரதிய பீமா காப்பீடும் எடுக்க வேண்டும். இரண்டு ஆண்டுகளுக்கு அதன் பிரீமியம் 275 ரூபாய்தான்.

இசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு வைத்திருக்கிறார்கள். வீட்டு வேலைக்குப் போகக் குறைந்தபட்ச வயது 30. அவர்களுக்கு ஆள் எடுக்கும் பொறுப்பு 2016 முதல் அரசு நிறுவனங்களிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் அது 1978இல் தொடங்கப்பட்ட அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். "கத்தாமா விசா இருக்கிறது, முதலில் விசிட்டில் போகட்டும், அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒருவர் சொன்னால், இந்தப் பாதுகாப்பு முழுவதையும் சுற்றிக்கொண்டு போகும் வழியை அவர் காட்டுகிறார் என்று அர்த்தம். விசிட் விசாவில் போன பெண்ணுக்கு ஒப்பந்தம் இல்லை, காப்பீடு இல்லை, அவள் எந்த வீட்டில் இருக்கிறாள் என்ற பதிவும் அரசிடம் இல்லை.

படித்த பிள்ளைகளுக்கு விரித்த வலை

இந்தச் சட்டத்தில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. பத்தாவது தேறியவருக்கு இந்த அனுமதி தேவையில்லை. படித்தவர் தன்னைத் தானே காத்துக்கொள்வார் என்ற எண்ணம் 1983இல் பொருத்தமாக இருந்திருக்கலாம். இன்று கடத்தல்காரர்கள் தேடுவதே படித்தவர்களைத்தான்.

தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி வேலை, டிஜிட்டல் மார்க்கெட்டிங் வேலை, கைநிறையச் சம்பளம் என்று வாட்ஸ்அப்பில் வரும். ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் தெரிந்தால் போதும். பாங்காக்கில் இறங்கியதும் காரில் ஏற்றி, எல்லை ஆற்றைக் கடக்க வைத்து மியான்மரின் மியாவாடி பகுதியில் கொண்டுபோய் விடுகிறார்கள். கம்போடியா, லாவோஸிலும் இதே கதை. பாஸ்போர்ட்டையும் போனையும் பறித்துக்கொண்டு, இணையத்தில் முகம் தெரியாதவர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையைச் செய்யச் சொல்கிறார்கள். மறுத்தால் அடி, மின்சார அதிர்ச்சி. விடுவிக்க வேண்டுமானால் பணம் கட்டு என்பார்கள், அல்லது இன்னொரு கும்பலிடம் விற்றுவிடுவார்கள்.

2022 அக்டோபரில் இப்படி மியான்மரில் சிக்கிய தமிழ் இளைஞர்கள் 13 பேர் மீட்கப்பட்டுச் சென்னை வந்து சேர்ந்தார்கள். 2025 மார்ச் மாதம் இந்திய விமானப்படை விமானங்களில் இரண்டு தவணையாக 549 இந்தியர்கள் தாய்லாந்து வழியாக அழைத்துவரப்பட்டார்கள்.

இந்தப் பிள்ளைகள் ஊர் திரும்பிய பிறகும் வாய் திறக்கத் தயங்குகிறார்கள். தாங்களே மோசடி செய்ததாக வழக்கு வருமோ என்று பயம். இங்கேதான் 143வது பிரிவு முக்கியமாகிறது. ஏமாற்றி அழைத்துச் செல்லப்பட்டு, அடைத்துவைத்து வேலை வாங்கப்பட்டவர் கடத்தலுக்கு ஆளானவர். அவர் அதை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு முழுமையாகச் சொல்கிறாரோ அவ்வளவுக்கு அவர் நிலை உறுதியாகிறது. மறைத்து வைத்தால்தான் சந்தேகம் வளர்கிறது.

சாவி யார் கையில்?

இனி இக்கட்டுரையின் முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஒருவர் மீது வழக்கு நடத்த வேண்டுமென்றால் மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்கிறது அதன் 27வது பிரிவு. படித்ததும் இது நம்மால் ஆகாத காரியம் என்று தோன்றும். ஆனால் அதே பிரிவு ஒரு விலக்கும் அளிக்கிறது. வெளிநாடு சென்றவரோ செல்ல இருப்பவரோ தாமே புகார் கொடுத்தால் அனுமதி தேவையில்லை. அவர் சார்பில் தந்தை, தாய், கணவர், மனைவி, மகன், மகள், சகோதரர், சகோதரி, பாதுகாவலர் ஆகியோரில் ஒருவர் கொடுத்தாலும் தேவையில்லை.

அதாவது, அந்தச் சாவியைச் சட்டம் வீட்டார் கையில் கொடுத்திருக்கிறது. மகன் மியான்மரில் இருக்கும்போது அவன் உம்மா இங்கே புகார் கொடுக்கலாம். கணவன் சிக்கியிருக்கும்போது மனைவி கொடுக்கலாம். கையெழுத்திட வேண்டியவர் அவர்தான். இந்த விலக்கை வெளியார் பயன்படுத்த முடியாது.

இந்தச் சட்டத்தின் தண்டனை சிறியது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதிகபட்சம் 2 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். லட்சக்கணக்கில் வாங்குபவனுக்கு 2,000 ரூபாய் ஒரு பொருட்டல்ல. அதனால்தான் புகாரில் நடந்த அனைத்தையும் எழுத வேண்டும் என்கிறோம். "பணம் வாங்கி ஏமாற்றிவிட்டார்" என்று மட்டும் எழுதினால் மோசடி வழக்காக மட்டும் பதிவாகும். பாஸ்போர்ட்டைப் பறித்தது, அடைத்து வைத்தது, அடித்தது, வேறு ஆளிடம் கைமாற்றியது, சம்பளம் தராமல் வேலை வாங்கியது ஆகியவை நடந்திருந்தால் அவற்றைத் தேதியோடு எழுதுங்கள். அப்போதுதான் 143வது பிரிவு அதில் சேர வழி பிறக்கும்.

ஜமாஅத் பஞ்சாயத்தில் முடிக்கலாமா?

நம் ஊர்களில் ஒரு வழக்கம் இருக்கிறது. ஏஜெண்டும் நம்மவர், பாதிக்கப்பட்டவரும் நம்மவர். விஷயம் ஜமாஅத்துக்கு வரும். வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடு, வெளியில் போக வேண்டாம், ஊர் பெயர் கெட்டுவிடும் என்று பேசி முடிப்பார்கள். நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்கள்.

கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் சமரசம் சிறந்ததே. ஆனால் மனிதக் கடத்தல் சமரசத்துக்கு உரிய குற்றம் அல்ல. இரு தரப்பும் பேசி முடித்துக்கொள்ளச் சட்டம் இடம் தரவில்லை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. இங்கே பாதிப் பணம் கொடுத்து வெளியே வந்தவர், அடுத்த ஊரில் அடுத்த பிள்ளையிடம் அதைப் பிடித்துவிடுகிறார். நாம் மூடிய கதவு இன்னொரு வீட்டுக்குத் திறந்துவிடப்படுகிறது. முத்தவல்லிகளும் நிர்வாகிகளும் இதைச் சிந்திக்க வேண்டும். பணத்தைத் திரும்பப் பெற உதவுங்கள். அதோடு காவல் நிலையத்துக்கும் கூட வாருங்கள். ஜமாஅத் துணைக்கு வந்தால் ஏழைத் தாய்க்குப் பேச்சு வரும்.

திரும்பி வந்த பெண்பிள்ளையைப் பற்றி ஊர் பேசும் பேச்சையும் நிறுத்த வேண்டும். அவளிடம் விசாரணை நடத்துவது நம் வேலையல்ல. அவளுக்கு அநியாயம் நடந்திருக்கிறது, அவள் அநியாயம் செய்யவில்லை.

புகார் கொடுப்பது எப்படி?

எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். "சம்பவம் எங்கள் எல்லையில் நடக்கவில்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. இதை ஜீரோ எஃப்.ஐ.ஆர். என்பார்கள். முதல் தகவல் அறிக்கையின் நகல் கட்டணமில்லாமல் தரப்பட வேண்டும். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அதன் பிறகும் பலனில்லை என்றால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். மனிதக் கடத்தலால் பாதிக்கப்பட்டவருக்கு அவருடைய வருமானம் எவ்வளவாக இருந்தாலும் இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு என்று 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம் சொல்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகினால் போதும்.

குறித்து வைத்துக்கொள்ள வேண்டிய எண்கள்:

அயலகத் தமிழர்களுக்கான தமிழ்நாடு அரசு உதவி மையம்: 1800 309 3793
வெளிநாட்டு வேலை தொடர்பான மத்திய அரசு உதவி மையம்: 1800 11 3090
அவசரக் காவல் உதவி: 112
பெண்கள் உதவி: 181
குழந்தைகள் உதவி: 1098
இணையக் குற்றம்: 1930

வெளிநாட்டில் சிக்கியவர் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தை அணுக வேண்டும். வீட்டார் இங்கிருந்தபடியே வெளியுறவு அமைச்சகத்தின் "மதத்" இணையதளத்தில் முறையீடு பதியலாம். இணையதளத்தில் பதியத் தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வாருங்கள், பதிந்து தருகிறோம்.

அனுப்பும் முன் செய்ய வேண்டியவை

1. ஏஜெண்டின் பதிவு எண்ணைக் கேளுங்கள். இ-மைக்ரேட் தளத்தில் அந்த எண்ணும் பெயரும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

2. விசாவின் வகையைப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர் கையில் வேலை விசா இருக்க வேண்டும். டூரிஸ்ட், விசிட் விசாவில் வேலைக்கு அனுப்பாதீர்கள்.

3. வேலை ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். சம்பளம், வேலை நேரம், தங்குமிடம், திரும்பும் டிக்கெட் ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும்.

4. பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். கையில் கொடுத்த பணத்துக்கு நீதிமன்றத்தில் சாட்சி சொல்ல ஆள் கிடைப்பது கடினம்.

5. பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், டிக்கெட் ஆகியவற்றின் நகலும், ஏஜெண்டோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளும் வீட்டில் இருக்கட்டும். பாஸ்போர்ட் இந்திய அரசின் சொத்து. அதைப் பிடித்து வைக்க முதலாளிக்கு உரிமை இல்லை என்று போகிறவருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

6. வீட்டுக்குள் ஓர் அடையாளச் சொல்லைப் பேசி வையுங்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்போது போனில் அந்தச் சொல் வந்தால், ஆபத்து என்று வீட்டார் புரிந்துகொள்ளலாம்.

"தெரிந்தவரிடம் போய் எழுத்து கேட்பதா, ரசீது கேட்பதா?" என்று கூச்சப்படுகிறவர்களுக்கு ஒன்றை நினைவூட்ட விரும்புகிறேன். திருக்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282வது வசனம். தொழுகையைப் பற்றியோ நோன்பைப் பற்றியோ அது பேசவில்லை. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியும், சாட்சி வைப்பது பற்றியும் பேசுகிறது. எழுத்து கேட்பது அவநம்பிக்கை அல்ல, நமக்குக் கற்பிக்கப்பட்ட ஒழுங்கு.

அதேபோல், மறுமையில் அல்லாஹ் தானே எதிராளியாக நிற்கப்போகும் மூவரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் பதிவாகியிருக்கிறது. அம்மூவரில் ஒருவர், சுதந்திரமான மனிதனை விற்று அந்தக் கிரயத்தைச் சாப்பிட்டவர். இன்னொருவர், வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவர். மனிதக் கடத்தல் என்று இன்றைய சட்டம் சொல்வது பெரும்பாலும் இவ்விரண்டின் சேர்க்கைதான். ஆகவே இதை வெளியே சொல்வது ஊரின் மானத்தைக் கெடுப்பதாகாது. அநியாயம் இழைக்கப்பட்டவரின் பக்கம் நிற்பதாகும்.

வெளிநாட்டில் பிள்ளை இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் மேலே சொன்ன எண்களைச் சமையல்கட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள். இந்த மடலைப் படித்து முடித்ததும் பக்கத்து வீட்டுக்குக் கொடுங்கள். சபுரில் இருக்கும் நம் மக்கள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாத்து, அவர்களை நல்லபடியாக வீடு சேர்ப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்